இல்லாத தலைவலிக்கு ஒரு ஃபுஜி பாட்டு

ஸ்வர்ணாவுக்கு ஜென்மத்தில் தலைவலி வந்தது கிடையாது. பல்வலி வந்திருக்கிறது, இடுப்புப் பிடித்திருக்கிறது, பிரசவ வலி ஒரு தடவை வந்து சுஹாஸ் பிறந்திருக்கிறான். தலை மட்டும் கல்லுக்குண்டு. ஆனால் நியூ ஜெர்சியில் அவளைத் தெரிந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவள் ஒரு மைக்ரேன் நோயாளி. கோயிலில் கண்ணில் பட்டால் போதும், "இப்ப தலைவலி எப்படிம்மா இருக்கு?" என்று வசந்தாமணி ஆன்ட்டி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். யாராவது தைலம் சொல்வார்கள். யாராவது காபியை நிறுத்தச் சொல்வார்கள். ஒரு மகராசி ஊரிலிருந்து வரும்போது ஏதோ லேகியமே வாங்கி வந்து கொடுத்தாள்.

இந்த வியாதியை அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்த புண்ணியவான் அவள் புருஷன் வெங்கடகிருஷ்ணன். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவனுக்கு ஒரு முறை உண்டு. முகத்தைக் காட்டு, கவரைக் கொடு, போட்டோவுக்கு நில், சாப்பிடு, கிளம்பு. கை கழுவிய பிறகு ஒரு நிமிஷம் தங்க மாட்டான். 'எனக்குப் போரடிக்குது, நான் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகலாமில்லையா? அந்தத் தைரியமும் கிடையாது. விருந்து கொடுத்தவரின் காதருகே போய், குரலைத் தாழ்த்தி, "ஸ்வர்ணாவுக்கு லேசா தலைவலி. தப்பா நெனச்சுக்காதீங்க" என்பான். பெண்டாட்டி மேல் எவ்வளவு அக்கறை என்று அவர்கள் உருகிப்போவார்கள். அப்போதுதான் ஒரு சிநேகிதியிடம் கதை பேச உட்கார்ந்திருப்பாள் ஸ்வர்ணா. நாலு பேர் வந்து கைத்தாங்கலாகக் கொண்டுபோய் காரில் ஏற்றிவிடுவார்கள்.

மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேர் நடுவில் புருஷன் பொய்யனாகி நிற்பான். அதனால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே கூத்து.

தலைவலி இல்லாத ஸ்வர்ணாவை அமெரிக்காவில் அறிந்திருந்தது ஒரே ஒரு ஜீவன்தான். போலான்லே. மன்ஹாட்டனில் பேங்க் ஆபீஸில் பக்கத்து சீட், நைஜீரியாக்காரி, யொரூபா. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி ஸ்வர்ணாவிடம் நீட்டினாள். அன்றைக்குப் பிடித்தது ஸ்வர்ணாவுக்கு ஃபுஜிப் பைத்தியம்.

ஃபுஜி என்றதும் ஜப்பான் மலை ஞாபகத்துக்கு வந்தால் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுங்கள். இது யொரூபா ஜனங்கள் ஆடுவதற்கென்றே வைத்திருக்கிற பாட்டு. மேளம், மேளம், அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் மேளம். நடுவில் ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவார். பின்னால் நாலைந்து பேர் வாங்கிப் பாடுவார்கள். கூட்டத்தில் நம் உடுக்கைக்கு அண்ணன் மாதிரி ஒரு மேளம் உண்டு. அக்குளில் இடுக்கிக்கொண்டு, அழுத்தியும் விட்டும், வளைந்த குச்சியால் அடிப்பார்கள். அது மனுஷக் குரல் மாதிரி ஏறி இறங்கும். பேசும் மேளம் என்றே அதற்குப் பெயர். ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி மன்ஹாட்டன் போய் இறங்குகிற வரைக்கும் ஸ்வர்ணாவின் கால் விரல்கள் ஷூவுக்குள் ஆடிக்கொண்டே போகும்.

வீட்டில் இதற்கு ஒரே கேள்விதான். "எதுக்கு?"

"எதுக்கு இந்தச் சத்தம்? பாஷை தெரியுமா உனக்கு?" என்பான் வெங்கடகிருஷ்ணன். "Amma, this is so random" என்பான் சுஹாஸ். ஏன், புருஷன் மூன்று மணி நேரம் ஃபுட்பால் பார்க்கிறானே, அது எதுக்கு? பிள்ளை ரூமைப் பூட்டிக்கொண்டு யாரோ சண்டை போடுகிற கேம் விளையாடுகிறானே, அது எதுக்கு? வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு ஒன்று பிடித்திருந்தால் மட்டும் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேரில் கேட்க வேண்டும். அந்த மேளம் விலா எலும்பில் வந்து இடிக்க வேண்டும். ஒரு தடவையாவது. அவ்வளவுதான் அவள் ஆசை. தேடினாள், தேடினாள், இன்டர்நெட்டைக் குடைந்து தேடினாள். மன்ஹாட்டனில் 'யொரூபா நைட்' என்று டிக்கெட் போட்டிருந்த கிளப்புக்குப் போனால், லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு பொடிப்பயல் ஹெட்போனைக் காதில் மாட்டிக் குதித்துக்கொண்டிருந்தான். நூவர்க்கில் கருவாடும் கிழங்கும் விற்கிற ஆப்பிரிக்கக் கடையின் கதவில் ஒரு நோட்டீஸைப் பார்த்து, அதில் போட்டிருந்த நேரத்துக்கு டாணென்று ஹாலுக்குப் போனால், பூட்டு தொங்கியது. "இருட்டினப்புறம் வாங்க" என்றான் காவலாளி. காத்திருக்கலாம் என்றாள். "பாத்தியா, ஃபிராடுப் பசங்க" என்று வெங்கடகிருஷ்ணன் வண்டியைத் திருப்பிவிட்டான்.

போலான்லே கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் பேசுவது இங்கிலீஷில்தான். "கடையில தேடினா கிடைக்குமா? ஃபுஜி டிக்கெட்ல வராது, ஸ்வர்ணா. யாராவது பிறக்கணும், யாருக்காவது கல்யாணம் ஆகணும், யாருக்காவது வயசாகணும். அப்பதான் வரும்." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு எழுபது ஆகுது. லேகோஸ்லேர்ந்து ஃபுஜி பாடகர் அல்ஹாஜி வர்றார். எங்கம்மா கல்யாணத்துல பாடின ஆளோட மகன். வந்திருக்கிறவங்க பேரைச் சொல்லிப் பாடறதுதான் எங்க வழக்கம். உன் பேரையும் கொடுத்துடறேன். வா."

தன் பேரா? ஃபுஜியிலா? ஸ்வர்ணாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

விசேஷ வீட்டார் எல்லோரும் ஒரே துணியில் வர வேண்டும் என்பது அவர்கள் முறை. போலான்லே நீல லேஸ் துணி கொடுத்தாள். குடும்பத்து ஆட்களுக்கு மட்டும்தான் அது. ஸ்வர்ணா அதை ஜர்னல் ஸ்கொயர் டெய்லரிடம் கொடுத்து சல்வாராகத் தைத்துக்கொண்டாள். வெங்கடகிருஷ்ணனுக்கென்று வந்த தொப்பியை அவன் தொடவில்லை. "நான் என்ன நாடகத்துக்கா போறேன்?" என்றான். போனால் போகிறான். தயிர்சாதம் கட்டி வைத்தால்தான் வருவேன் என்றான். கட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இர்விங்டனில் ஒரு ஹால். அழைப்பில் இரண்டு மணி என்று போட்டிருந்தது. இரண்டு மணிக்கே போய் நின்றான் வெங்கடகிருஷ்ணன். உள்ளே பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்கிறானே என்று யாரோ ஒருவர் அவனிடம் நாற்காலிகளைக் கொடுத்து வரிசையாகப் போடச் சொன்னார். அன்றைக்கு ஸ்வர்ணா சிரித்த ஒரே சிரிப்பு அதுதான்.

வெயில் இறங்க இறங்க ஜனம் சேர்ந்தது. எங்கே பார்த்தாலும் நீல லேஸ். பெண்கள் தலையில் கட்டியிருந்த விறைப்பான துணி ஒவ்வொன்றும் ஒரு கோபுரம். யார் யாரோ வந்து ஸ்வர்ணாவைக் கட்டிப்பிடித்து, "போலான்லேயோட இந்திய அக்கா நீதானே?" என்றார்கள். தட்டில் சிவப்புச் சாதமும் வாழைப்பழ வறுவலும் வந்தன. வெங்கடகிருஷ்ணன் சாதத்தை ஸ்பூனால் கிளறி மீன் இருக்கிறதா என்று ஆராய்ந்துவிட்டு, வறுவலை மட்டும் எடுத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டான். போலான்லேயின் அம்மா ஆட்கள் புடைசூழ, ஸ்பீக்கர் பாட்டுக்கு ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள். இவன் பாய்ந்து போய் நடுவில் நின்று, கவரைக் கையில் திணித்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஆச்சு. கிளம்பலாம்."

"எங்க கிளம்பறது? இன்னும் பாட்டே ஆரம்பிக்கல."

"இதுக்கு மேல என்ன ஆரம்பிக்கப்போறான்? நாளைக்கு ஆபீஸ் இருக்கு. டிராஃபிக் ஆயிடும்."

"நான் வரல. இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா அலையறேன். ஒரு மணி நேரம் உக்காருங்க. உங்களால முடியும்."

அந்த நேரத்தில்தான் மேளக்காரர்கள் உள்ளே வந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பேசும் மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு அடி அடித்தார். டும் என்று இல்லை; என்னவோ கேள்வி கேட்கிற மாதிரி. ஸ்வர்ணாவுக்கு வயிற்றுக்குள் போய் இடித்தது. நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டாள். புருஷன் பக்கத்தில் இல்லை என்பதையே அவள் கவனிக்கவில்லை.

கவனித்தபோது காரியம் முடிந்திருந்தது. எதிரே போலான்லே ஓடி வந்தாள், கையில் அலுமினியத் தட்டில் மூடின சாப்பாடு. "ஏன் என்கிட்ட சொல்லல? இந்த மோசமான தலைவலியோடயா இவ்வளவு நேரம் எனக்காக உக்காந்திருந்தே? உன் புருஷன் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது." அவள் கண் கலங்கியிருந்தது. பின்னால் வெங்கடகிருஷ்ணன், கவலை தோய்ந்த முகத்தோடு, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பாவி! இங்கேயுமா? கோயில் போச்சு, தமிழ்ச் சங்கம் போச்சு, சிநேகிதிகள் வீடு போச்சு. மிச்சமிருந்தது இது ஒன்று. இங்கேயும் கொண்டுவந்து அந்தத் தலைவலியை ஊன்றிவிட்டானே! ஸ்வர்ணாவின் வாய் திறந்தது. சுற்றிலும் ஏழெட்டு நீல லேஸ்கள் அனுதாபத்தோடு குனிந்து பார்த்தன. திறந்த வாய் மூடிக்கொண்டது. பழக்கம் என்பது எப்பேர்ப்பட்ட சனியன் பாருங்கள், அவள் கை தானாகவே நெற்றிக்குப் போனது. வாசல் வரைக்கும் அணைத்துக் கூட்டிவந்து காரில் உட்கார வைத்து, பெல்ட்டையும் போட்டுவிட்டுப் போனாள் போலான்லே.

கார் ரோட்டில் ஏறியதும் வெடித்தாள். "உங்களுக்கு வெக்கமா இல்ல? யாரைக் கேட்டு எனக்குத் தலைவலின்னு சொன்னீங்க?"

"கத்தாதே. பாலிஷா சொல்லிட்டு வந்தேன். அவங்களுக்கும் ஹர்ட் ஆகல, நமக்கும் லேட் ஆகல."

"எனக்கு ஹர்ட் ஆச்சே! அது உங்க கணக்குல வராதா?"

"என்ன பெரிய பாட்டு? வீட்ல போய் யூட்யூப்ல போட்டுக்கோ. சவுண்டு கூட வச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லல." ஏதோ சலுகை கொடுப்பது போலச் சொல்லிவிட்டு, வழியில் ஒரு டோனட் கடையைப் பார்த்ததும் வண்டியை உள்ளே விட்டான். "எனக்கு ஒரு காபி வேணும். இந்தச் சத்தத்துல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

ஸ்வர்ணா கையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் கோபம் பாதி என்றால், பெல்ட் போடவிட்ட தன் மேலேயே கோபம் மீதிப் பாதி. அப்போது போன் சிணுங்கியது. போலான்லே அனுப்பிய வீடியோ.

ஹால் முழுக்க எழுந்து நின்றிருந்தார்கள். அல்ஹாஜி கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினார். நடுவில், சந்தேகமே இல்லை, "சுவா...ணா". அந்த மேளம் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. கூட்டம் உள்ளங்கைகளை ஏந்தி, "ஆமின்" என்றது. மறுபடி "சுவாணா", மறுபடி "ஆமின்". கோபுரத் தலைக்கட்டு எல்லாம் குனிந்திருந்தன. எழுபது வயதுக்காரி, பிறந்தநாள்காரி, தன் விசேஷத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கையேந்தி நின்றாள். கீழே போலான்லே எழுதியிருந்தாள்: 'உன் தலைவலி குணமாகணும்னு அல்ஹாஜி பாடறார். நாங்க எல்லாரும் வேண்டிக்கறோம். தூங்கு.'

இருநூறு பேர். இல்லாத தலைவலிக்கு.

அவமானத்தில் ஸ்வர்ணாவின் உடம்பு கூசிப்போனது. பெல்ட்டைக் கழற்றினாள். இறங்கி, சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். காபியோடு வந்தவன் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான்.

"என்ன, நீ டிரைவ் பண்றியா?"

"ஏறுங்க. திரும்பிப் போறோம். நீங்கதானே சொன்னீங்க, நீங்களே வந்து அது பொய்ன்னு அவங்ககிட்ட சொல்லணும். ஏறலைன்னா இங்கயே நில்லுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, ஏறிவிட்டான். வீடியோவைப் போட்டு அவன் மடியில் எறிந்தாள். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். "சரி, சொல்றேன். மெதுவா போ" என்றான். காபியை அவன் குடிக்கவில்லை.

ஹால் கதவைத் திறந்ததும் நடந்ததை ஸ்வர்ணா எதிர்பார்க்கவில்லை. யாரோ கை காட்டிக் கத்தினார்கள். அல்ஹாஜி திரும்பிப் பார்த்தார். நீல சல்வார், நிமிர்ந்த தலை. அவ்வளவுதான், கூரை பெயர்ந்துவிடும் போலக் கூச்சல். வேண்டுதல் பலித்துவிட்டது! மேளங்கள் மொத்தமாகக் கிளம்பின. போலான்லே அழுதுகொண்டே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஜனம் இருவரையும் நடுவில் தள்ளிக்கொண்டு போனது. அல்ஹாஜி வெங்கடகிருஷ்ணனின் கையைப் பிடித்து உயரத் தூக்கி ஒரு வரி பாடினார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லுங்க" என்றாள் ஸ்வர்ணா, அவன் காதில்.

"இப்ப எப்படிச் சொல்றது? எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. விடேன் ஸ்வர்ணா, நல்லபடியா முடிஞ்சுதில்ல?"

"என்ன பாடறார்?" என்று போலான்லேயிடம் கேட்டாள்.

"உன் புருஷனைத்தான்! நோயாளி மனைவியைத் தோளில் சுமந்து திரும்பக் கொண்டுவந்த சிங்கம்னு பாடறார்."

சிங்கம். ஸ்வர்ணாவுக்குக் காது அடைத்தது. கண் முன்னால் வெங்கடகிருஷ்ணன் கைகூப்பி நாலு திசைக்கும் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

இனி என்ன மானம், யாருடைய மானம்? போலான்லேயின் தோளைப் பிடித்து இழுத்து, மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "எனக்குத் தலைவலி இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அவருக்குக் கிளம்பணும்னா என் தலையை வலிக்க வைப்பார். பொய் சொன்னார். நானும் வாயை மூடிக்கிட்டுப் போனேன்."

போலான்லேயின் கை நழுவியது. முகம் மாறிவிட்டது. "எங்கம்மா உனக்காகக் கையேந்தினா, ஸ்வர்ணா."

"தெரியும். அதான் வந்தேன்."

"நீ ஏன் கார்ல ஏறினே?"

அவன் பொய்யனாகத் தெரியக் கூடாதே என்று ஏறினேன் என்பதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? போலான்லே திரும்பி நடந்தாள். அம்மாவிடம் போய்க் காதில் பேசினாள். அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு வெங்கடகிருஷ்ணனை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். விரலை அசைத்து அல்ஹாஜியைக் கூப்பிட்டாள்.

மேளம் நிற்கவில்லை. அல்ஹாஜி குனிந்து கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டிக்கொண்டார், நிமிர்ந்தார். ஒரு சின்னச் சிரிப்பு. அடுத்து அவர் பாடிய வரி புதிது. பின்பாட்டுக்காரர்கள் ஒரு நொடி திகைத்துவிட்டு ஓஹோவென்று வாங்கிக்கொண்டார்கள். பேசும் மேளக்காரர் நேராக வெங்கடகிருஷ்ணனிடம் போய், காதுக்குப் பக்கத்தில் நின்று, அதே வரியை மேளத்தில் சொன்னார். ஹாலில் சிரிப்பு பொங்கியது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

போலான்லே பக்கத்தில் வந்து நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, மொழிபெயர்த்தாள். "'புருஷனுக்குக் கால் வலி, வீட்டுக்குப் போகணும், அதுக்கு மனைவி தலையைக் கடன் வாங்கினான். கடன் வாங்கின தலையைத் திருப்பிக் கொடு ஐயா, அவ ஆடணும்.'" சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெங்கடகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குத்தான் இன்னும் புகழ்மாலை என்று நினைத்துக்கொண்டான். பாட்டுக்காரருக்கு இப்படிப் பணம் ஒட்டுவது அவர்கள் வழக்கம், மற்றவர்கள் செய்வதை இப்போதுதான் பார்த்திருந்தானே, பர்ஸை எடுத்து ஒரு டாலர் நோட்டை அல்ஹாஜியின் நெற்றியில் ஒட்டினான். இன்னொன்று ஒட்டினான். பணம் போடப் போட அந்த வரியை இன்னும் உரக்கப் பாடினார் அவர். தன் வசவைத் தானே பணம் கொடுத்துப் பாடவைத்துக்கொண்டிருந்தான் வெங்கடகிருஷ்ணன். வேர்க்க வேர்க்கத் திரும்பி, "ஸ்வர்ணா! என்ன பாடறாங்க?" என்று ஆசையாகக் கேட்டான்.

"பொண்டாட்டிக்குத் தலைவலின்னு நீங்க பொய் சொன்னதைப் பாடறாங்க."

கையில் அடுத்த நோட்டோடு நின்றான். சுற்றிலும் பார்த்தான். அத்தனை பல்லும் ஏன் தெரிகிறது என்று இப்போது புரிந்தது. முகம் சுண்டிப்போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"சொல்லிட்டியா? இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! வா, போகலாம்."

"வரல."

"ஸ்வர்ணா, பிளீஸ். எனக்கு நெஜமாவே தலை வெடிக்குது."

ஸ்வர்ணா அவனை நன்றாகப் பார்த்தாள். பாவம், வலிக்கத்தான் செய்தது அவனுக்கு. நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"அப்படியா? போய் போலான்லேகிட்ட சொல்லுங்க" என்றாள். "நம்பறாளான்னு பாருங்க."

திரும்பி மேளத்துக்கு நேரே போனாள். அக்குளில் இடுக்கிய அந்த மேளம் அவள் விலாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அடித்தது, உள்ளே எல்லாம் அதிர்ந்தது. எப்படி ஆடுவது என்று தெரியாது. தெரியாமலேயே ஆடினாள், கோபம் கொஞ்சமும் குறையாமல், ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு. வெங்கடகிருஷ்ணன் மத்தியானம் தானே வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டான். யாரும் தைலம் கொண்டுவந்து கொடுக்கவில்லை.